அம்மாவின் நோய் எனக்கும் வருமா?

தெரிந்துகொள்வதா, தெரியாமல் இருப்பதா? பரம்பரை நோய்க் குடும்பங்களின் மனப் போராட்டம்

அப்பாவின் வீடு மகனுக்கு வரும். அம்மாவின் நகை மகளுக்கு வரும். மூக்கும் முழியும்கூடப் பரம்பரையாக வரும்.

நோயும் வருமா?

சில நோய்கள் வரும். அவற்றுள் மிகக் கொடிய நோய் ஒன்று உண்டு. அதன் பெயர், "ஹண்டிங்டன் நோய்".

இந்த நோயைப் பற்றி 2025-ம் ஆண்டு செப்டம்பர் மாதத்தில் ஒரு செய்தி வந்தது. "நோயின் வேகத்தைக் குறைக்க வழி தெரிகிறது" என்பதே அந்தச் செய்தி. தலைமுறை தலைமுறையாகத் தவித்த குடும்பங்களுக்கு அது தேனாக இனித்தது.

ஆனால், அந்தச் செய்தி ஒரு பழைய கேள்விக்கும் புது உயிர் கொடுத்துவிட்டது.

"இந்த நோய் எனக்கு வருமா, வராதா? முன்கூட்டியே தெரிந்துகொள்வதா? தெரியாமலே இருந்துவிடுவதா?"

இதுதான் அந்தக் கேள்வி. பதில் சொல்வது அவ்வளவு எளிதல்ல.

என்ன நோய்?

பெரும்பாலோருக்கு 30 வயதுக்கும் 50 வயதுக்கும் இடையில் இந்த நோய் தலைகாட்டும். அதுவரை ஆள் நன்றாகவே இருப்பார். கல்யாணம் ஆகியிருக்கும். பிள்ளைகள் பிறந்திருக்கும்.

முதலில் விரல்கள் தானாக அசையும். கையில் உள்ள தம்ளர் நழுவி விழும். பிறகு கை, கால், முகம் எல்லாம் சொன்னபடி கேட்காமல் ஆடும். நடை தள்ளாடும். பேச்சு குழறும்.

உடம்பு மட்டும் அல்ல, மனமும் கெடும். சாதுவாக இருந்தவர் எரிந்து விழுவார். கணக்கு வழக்கில் கெட்டிக்காரர் கணக்கை மறப்பார். சிலர் யாருடனும் பேசாமல் மூலையில் உட்கார்ந்துவிடுவார்கள்.

கடைசியில் சோற்றை விழுங்குவதே பெரும் பாடாகிவிடும். நோய் தொடங்கி 15 ஆண்டு, 20 ஆண்டு வரை இந்த வேதனை நீடிக்கும்.

மூளையின் நடுப்பகுதியில் உள்ள சில அணுக்கள் கொஞ்சம் கொஞ்சமாக அழிந்துபோவதே இதற்குக் காரணம்.

பூவா? தலையா?

மனித உடம்பின் அணுக்களுக்குள் ஓர் ஏடு இருக்கிறது. தலைமுடி என்ன நிறம், கண் என்ன நிறம் என்பதெல்லாம் அதில் எழுதப்பட்டிருக்கிறது. அந்த ஏட்டின் ஒவ்வொரு பாடத்துக்கும் "மரபணு" என்று பெயர்.

ஒவ்வொரு பாடமும் இரண்டு பிரதி உண்டு. ஒன்று அப்பா கொடுத்தது. மற்றொன்று அம்மா கொடுத்தது.

ஹண்டிங்டன் நோய் உள்ளவரிடம் ஒரு பிரதி சரியாக இருக்கும். ஒரு பிரதியில் பிழை இருக்கும். பிள்ளைக்கு அவர் ஒரு பிரதியைத்தான் கொடுப்பார். நல்ல பிரதி போனால் பிள்ளை தப்பியது. பிழையான பிரதி போனால் பிள்ளைக்கும் நோய்.

ஆகவே, ஒவ்வொரு பிள்ளைக்கும் பாதிக்குப் பாதி ஆபத்து. காசைச் சுண்டி "பூவா, தலையா?" என்று பார்ப்பதுபோலத்தான்!

"நான்கு பிள்ளைகள் என்றால் இரண்டு பேருக்கு வரும், இரண்டு பேருக்கு வராது" என்று சிலர் கணக்குப் போடுவார்கள். அது தவறு. ஒவ்வொரு பிள்ளைக்கும் காசு தனியாகச் சுண்டப்படுகிறது. நான்கு பேருமே தப்பலாம். நான்கு பேருமே அகப்பட்டுக்கொள்ளலாம்.

"சொந்தத்தில் கல்யாணம் செய்ததால் வந்ததா?" என்றும் கேட்பார்கள். இல்லை. வேறு சில பரம்பரை நோய்களில் தாய், தந்தை இருவரிடமும் பிழை இருந்தால்தான் பிள்ளைக்கு நோய் வரும். நெருங்கிய உறவில் மணம் செய்தால் அந்த நோய்களுக்கான ஆபத்து கூடும். ஹண்டிங்டன் நோய்க்கு ஒருவரிடம் உள்ள பிழையே போதும்.

இதில் ஓர் ஆறுதலும் உண்டு. தப்பித்த பிள்ளை, அந்த நோயைத் தன் பிள்ளைக்குக் கொடுக்கவே முடியாது. அந்தக் கிளையில் நோய் அத்தோடு ஒழிந்தது!

இந்த உண்மையை முதலில் தெளிவாக எழுதியவர் ஜார்ஜ் ஹண்டிங்டன் என்ற அமெரிக்க டாக்டர். 1872-ல் அவர் எழுதினார். அப்போது அவருக்கு 22 வயதுதான்!

அவருடைய அப்பாவும் டாக்டர். பாட்டனாரும் டாக்டர். மூவரும் நியூயார்க் அருகே லாங் ஐலண்டு என்ற தீவில் ஒரே ஊர்க் குடும்பங்களுக்கு வைத்தியம் பார்த்தவர்கள். தாத்தா பார்த்த நோய், பேரன் காலத்தில் அதே குடும்பங்களில் இருந்தது. அதனால்தான் இது பரம்பரை நோய் என்பது பேரனுக்குப் புலப்பட்டது.

குடிகாரர் என்ற பழி

இந்த நோயைவிடக் கொடியது ஒன்று உண்டு. அது ஊரார் சுமத்தும் பழி.

நோயாளி தள்ளாடி நடப்பார். பேச்சு குழறும். பார்ப்பவர்கள் என்ன நினைப்பார்கள்? "காலையிலேயே குடித்துவிட்டான்" என்பார்கள்.

அமெரிக்காவில் உட்டி கத்ரி என்ற புகழ்பெற்ற நாட்டுப்பாடல் பாடகர் இருந்தார். அவருடைய தாய் மனநோய் ஆஸ்பத்திரியில் இறந்தவர். உட்டியும் தள்ளாடினார். அவருக்குக் குடிப்பழக்கம் என்றார்கள், மனக்கோளாறு என்றார்கள். 1952-ல்தான் உண்மை தெரிந்தது. தாய்க்கு இருந்த அதே ஹண்டிங்டன் நோய்! ஆண்டுக்கணக்கில் ஆஸ்பத்திரிகளில் கிடந்து, 1967-ல் தமது 55-வது வயதில் அவர் இறந்தார். அவருடைய முதல் மனைவியின் பெண்கள் இருவர் இதே நோயால் 41 வயதில் மாண்டார்கள்.

லாஸ் ஏஞ்சலஸ் நகரில் 1968-ல் ஒரு சம்பவம் நடந்தது. லியோனோர் வெக்ஸ்லர் என்ற அம்மாள் காலை நேரத்தில் தெருவைக் கடந்தார். நடை தள்ளாடியது. ஒரு போலீஸ்காரர் அவரை நிறுத்தினார். "இவ்வளவு காலையிலேயே குடித்திருக்கிறீர்களே!" என்று கடிந்துகொண்டார்.

அந்த அம்மாள் குடிக்கவில்லை. அவர் படித்த பெண்மணி. விலங்கியலில் பட்டம் பெற்றவர்.

தென் அமெரிக்காவில் வெனிசுவேலா என்ற நாடு இருக்கிறது. அங்கே மரக்கைபோ ஏரிக்கரையில் உள்ள ஒரு சிற்றூருக்கு 1950-களில் அமெரிக்கோ நெக்ரெட்டே என்ற இளம் டாக்டர் வேலைக்கு வந்தார். தெருவில் பலர் தள்ளாடுவதைக் கண்டார். "ஊரே குடிக்கிறதா?" என்று நினைத்தார். "குடி அல்ல, டாக்டர். இது நோய்" என்று ஊர்க்காரர்கள் எடுத்துச் சொன்னார்கள்.

மூன்று இடம். மூன்று விதமான மக்கள். பழி மட்டும் ஒன்றே!

மூடி வைத்த ரகசியம்

பழிக்குப் பயந்து குடும்பங்கள் என்ன செய்தன? மறைத்தன.

லியோனோர் அம்மாளின் கதையைப் பாருங்கள். அவர் சிறுமியாக இருந்தபோதே தந்தை இந்த நோயால் இறந்தார். உடன்பிறந்த சகோதரர்கள் மூவர். மூவருக்கும் இதே நோய் வந்தது.

"இது ஆண்களுக்கு மட்டும் வரும் நோய்" என்று அந்தக் குடும்பத்தில் நம்பினார்கள். ஆகவே, லியோனோர் தமக்கு வராது என்று நினைத்தார். தம் பெண்கள் இருவரிடமும் இதைப் பற்றிப் பேசவில்லை.

1968-ல் டாக்டர்கள் நோயை உறுதி செய்தார்கள். கணவர் மில்டன் வெக்ஸ்லரும் லியோனோரும் அதற்குள் விவாகரத்து பெற்றிருந்தார்கள். ஆனாலும் மில்டன் ஒதுங்கிவிடவில்லை. பெண்களைக் கூப்பிட்டார். மூத்தவள் ஆலிஸ். இளையவள் நான்சி. இருவரும் இருபது வயதைக் கடந்த இளம்பெண்கள்.

"உங்கள் அம்மாவுக்கு இந்த நோய். உங்களுக்கும் பாதிக்குப் பாதி ஆபத்து உண்டு" என்ற உண்மையை மறைக்காமல் சொன்னார்.

பெண்கள் இடிந்துபோனார்கள். "நாங்கள் பிள்ளை பெற்றுக்கொள்ள மாட்டோம்" என்று இருவரும் முடிவு செய்தார்கள்.

ஆனால், அழுதுகொண்டே உட்கார்ந்துவிடவில்லை. மில்டன் மனநல நிபுணர். ஆராய்ச்சிக்காக ஒரு நிறுவனம் தொடங்கினார். இளம் விஞ்ஞானிகளைக் கூட்டிவைத்துப் பேசச் செய்தார். பாடகர் உட்டி கத்ரியின் முன்னாள் மனைவி மார்ஜரியும் அதற்குச் சற்று முன்பே, 1967-ல், நோயாளிக் குடும்பங்களுக்காக ஒரு சங்கம் தொடங்கியிருந்தார்.

மறைந்து கிடந்த குடும்பங்கள் ஒன்றை ஒன்று தேடிக் கண்டுபிடித்தன. "நம் வீட்டில் மட்டும்தான் இந்தச் சாபம்" என்று நினைத்தவர்கள், தங்களைப்போல் பலர் இருப்பதை அறிந்தார்கள்.

ஏரிக்கரையில் கிடைத்த சாவி

லியோனோர் 1978-ல் இறந்தார். மகள் நான்சி, டாக்டர் பட்டம் பெற்ற மனோதத்துவ நிபுணர். மறு ஆண்டே வெனிசுவேலாவுக்குப் போனார்.

ஏன் அங்கே? உலகில் வேறு எங்கும் இவ்வளவு பேருக்கு இந்த நோய் ஒரே இடத்தில் இல்லை. பரங்கிட்டாஸ், லகுனெட்டாஸ் முதலிய ஏரிக்கரை ஊர்களில் வீட்டுக்கு வீடு நோயாளிகள். ஏழை மீனவர்கள். அவர்கள் இதை "எல் மால்" என்பார்கள். "அந்தக் கேடு" என்று பொருள்.

1981 முதல் ஆண்டுதோறும் ஒரு குழு அங்கே போனது. யாருக்கு யார் பாட்டன், யாருக்கு யார் மகன் என்று கேட்டுக் கேட்டு எழுதினார்கள். 10 தலைமுறை, 18 ஆயிரத்துக்கும் மேற்பட்ட ஆட்கள். எல்லோரும் வம்சாவளிப் பதிவில் இடம்பெற்றார்கள்.

ரத்தம் கேட்டபோது மக்கள் தயங்கினார்கள். "இந்த அமெரிக்கர்களுக்கு நம் ரத்தம் எதற்கு?" என்று சந்தேகப்பட்டார்கள்.

நான்சி ஆய்வுக்காகத் தம் தோலிலிருந்தும் ஒரு சிறு துண்டு கொடுத்தவர். கையில் அதன் தழும்பு இருந்தது. "என் அம்மாவுக்கும் இதே நோய். எனக்கும் வரலாம்" என்று சொல்லித் தழும்பைக் காட்டினார்.

மக்கள் வியந்தார்கள். "அமெரிக்காவிலும் இந்த நோய் உண்டா!" என்றார்கள். அதுவரை தங்களை மட்டுமே பிடித்த கேடு என்று அவர்கள் நினைத்திருந்தார்கள். தயக்கம் தீர்ந்தது. கையை நீட்டினார்கள்.

அந்த ரத்தம் வீண்போகவில்லை. பிழை எந்தப் பக்கத்தில் இருக்கிறது என்பதை 1983-ல் பாஸ்டன் விஞ்ஞானி ஜேம்ஸ் குசெல்லாவின் குழு சொன்னது. பத்து ஆண்டு உழைப்புக்குப் பின், 1993-ல், பிழையான மரபணுவே கையில் சிக்கியது.

என்ன பிழை? "சி.ஏ.ஜி." என்ற மூன்று எழுத்துகள் அந்தப் பாடத்தில் திரும்பத் திரும்ப வரும். 35 தடவை வரை வந்தால் அவருக்கு நோய் இல்லை. 36 முதல் 39 வரை என்றால் நோய் வரலாம், வராமலும் போகலாம். 40 தடவையோ அதற்கு மேலோ வந்தால், போதிய காலம் வாழ்ந்தால் நோய் வந்தே தீரும்.

இனிக் கொஞ்சம் ரத்தம் போதும். எண்ணிச் சொல்லிவிடலாம். ஜோசியம் அல்ல, கணக்கு!

எத்தனை பேர் போனார்கள்?

பரிசோதனை வருவதற்கு முன் மக்களிடம் கேட்டார்கள். "வந்தால் செய்துகொள்வோம்" என்று பாதிக்கு மேற்பட்டவர்கள் சொன்னார்கள்.

வந்தது. எத்தனை பேர் செய்துகொண்டார்கள் தெரியுமா? பெரும்பாலான நாடுகளில் ஐந்தில் ஒருவர்கூட இல்லை!

ஏன்?

"வரும் என்று தெரிந்தால் என்ன செய்ய முடியும்? மருந்து இல்லையே! மருந்து இல்லாத நோயைப் பத்து ஆண்டு முன்னதாகத் தெரிந்துகொண்டு, பத்து ஆண்டும் அழுவதா?" என்பது அவர்கள் வாதம். கை தவறி ஒரு தட்டு உடைந்தாலும், "தொடங்கிவிட்டதோ?" என்று நெஞ்சு பதறும். தெரியாதவரை நம்பிக்கையாவது மிஞ்சுகிறது.

செய்துகொண்டவர்களின் வாதம் வேறு. "தெரியாமல் தவிப்பதே பெரிய நோய். தெரிந்துவிட்டால் ஒரு வழி பண்ணலாம். எப்போது கல்யாணம், பிள்ளை உண்டா, இல்லையா, பணத்தை எப்படிச் சேர்ப்பது என்று திட்டமிடலாம்" என்கிறார்கள்.

இரண்டிலும் நியாயம் இருக்கிறது. இதில் எது வீரம், எது கோழைத்தனம் என்று வெளியில் இருப்பவர்கள் தீர்ப்புச் சொல்ல முடியாது.

நான்சி வெக்ஸ்லரே என்ன செய்தார்? பரிசோதனைக்கு வழி திறந்தவர்களில் அவரும் ஒருவர். ஆனால், தாம் செய்துகொண்டாரா, இல்லையா என்பதை ஊருக்குச் சொல்ல மறுத்துவிட்டார். 2020-ல், 74-வது வயதில், தமக்கும் அந்த நோய் வந்துவிட்டது என்று வெளிப்படையாக அறிவித்தார்.

நல்ல செய்தியிலும் கண்ணீர்

"உனக்கு நோய் இல்லை" என்று டாக்டர் சொன்னால் துள்ளிக் குதிப்பார்கள் என்றுதானே நினைப்போம்? எப்போதும் அப்படி அல்ல.

"தம்பிக்கு இருக்கிறதே, நான் மட்டும் எப்படித் தப்பினேன்?" என்று அக்காள் கலங்குவாள். நோய் வரும் என்று எண்ணிப் படிப்பை விட்டவர், கல்யாணம் வேண்டாம் என்றவர், "வாழ்க்கையை வீணாக்கிவிட்டேனே!" என்று மனம் நோவார்.

இன்னொரு சிக்கலும் உண்டு. பேரன் பரிசோதனைக்குப் போகிறான். அவன் அப்பாவுக்குத் தெரிந்துகொள்ள விருப்பம் இல்லை. பேரனுக்கு நோய் உண்டு என்று முடிவு வந்தால், பாட்டியின் நோய் அப்பா வழியாகத்தான் வந்திருக்க வேண்டும். அப்படியானால் அப்பாவுக்கும் உண்டு! மகன் திறந்த கடிதத்தில் அப்பாவின் விதியும் எழுதியிருக்கிறது.

இதை எல்லாம் உத்தேசித்துத்தான் 1994-ல் நோயாளிச் சங்கங்களும் நரம்பு வைத்திய நிபுணர்களும் சேர்ந்து உலகத்துக்கு ஒரு நெறிமுறை வகுத்தார்கள். அதன் சாரம் இது:

பரிசோதனை முழுக்க முழுக்க அவரவர் விருப்பம். கணவரோ, மாமியாரோ, முதலாளியோ வற்புறுத்தக் கூடாது.

நோய்க்கான அறிகுறி இல்லாத சிறுவர்களுக்குப் பரிசோதனை கூடாது. பெற்றோர் கேட்டாலும் கூடாது. வயது வந்த பின் அவர்களே முடிவு செய்யட்டும்.

ரத்தம் எடுக்கும் முன் ஆலோசனை கூற வேண்டும். முடிவு வந்த பின்னும் ஆலோசனை வேண்டும். நம்பிக்கையான ஒருவர் துணைக்கு வருவது நல்லது.

கடைசி நிமிடத்தில்கூட, "எனக்கு முடிவு சொல்ல வேண்டாம்" என்று எழுந்து போகலாம். யாரும் தடுக்கக் கூடாது.

பிள்ளை பெறலாமா?

ஆபத்தில் உள்ள இளம் தம்பதிகளை வாட்டும் கேள்வி இதுதான்.

சிலர் பிள்ளை வேண்டாம் என்கிறார்கள். சிலர் தத்து எடுக்கிறார்கள். சிலர் கடவுள் விட்ட வழி என்று பெற்றுக்கொள்கிறார்கள்.

இன்று இன்னொரு வழியும் வந்திருக்கிறது. டாக்டர்கள் கருவை வெளியே கண்ணாடிப் பாத்திரத்தில் உருவாக்குவார்கள். அதைச் சோதித்து, பிழை இல்லாத கருவை மட்டும் தாயின் வயிற்றில் வைப்பார்கள்.

இதில் ஓர் அதிசயம்! தமக்கு நோய் உண்டா, இல்லையா என்று தெரிந்துகொள்ள விரும்பாதவர்களும் இந்த முறையில் பிள்ளை பெறலாம். டாக்டர்கள் நல்ல கருவை மட்டும் வைப்பார்கள். எத்தனை கரு கெட்டது, எத்தனை நல்லது என்று வாய் திறக்க மாட்டார்கள். பெற்றோரின் ரகசியம் ரகசியமாகவே இருக்கும். பிள்ளை மட்டும் நோய் இல்லாமல் பிறக்கும்.

செலவு அதிகம். எல்லா நாட்டிலும் அனுமதி இல்லை. ஒவ்வொரு தடவையும் கரு தங்கும் என்ற உறுதியும் இல்லை. ஆனாலும், நான்சிக்கும் ஆலிசுக்கும் 1968-ல் இல்லாத வழி இது.

வேலையும் போய்விடுமா?

"நோய் வரும் என்று தெரிந்தால் வேலை கொடுப்பார்களா? இன்ஷூரன்ஸ் கொடுப்பார்களா?" என்ற பயமும் பலரைப் பரிசோதனைக்குப் போகாமல் தடுக்கிறது.

அமெரிக்காவில் 2008-ல் இதற்கு ஒரு சட்டம் வந்தது. மரபணுவைக் காட்டி வேலையை மறுக்கக் கூடாது. வைத்தியச் செலவு இன்ஷூரன்சை மறுக்கக் கூடாது என்று அது சொல்கிறது. ஆனால், ஆயுள் இன்ஷூரன்சுக்கு அந்தச் சட்டத்தில் பாதுகாப்பு இல்லை. வீட்டில் நீண்ட காலம் ஆள் வைத்துப் பார்ப்பதற்கான இன்ஷூரன்சுக்கும் இல்லை.

இந்த நோய்க்குத் தேவைப்படுவது எது? நீண்ட காலப் பராமரிப்புத்தானே! சட்டத்தின் ஓட்டை சரியாக நோயாளியின் தலைக்கு மேலேயே இருக்கிறது.

வீட்டார் என்ன செய்யலாம்?

நோயை நிறுத்தும் மருந்து கடையில் இல்லை. ஆனால், "ஒன்றும் செய்ய முடியாது" என்பது உண்மை அல்ல.

கை, கால் ஆட்டத்தைக் குறைக்க மாத்திரைகள் உண்டு. மனச்சோர்வுக்கு மருந்து உண்டு. மனச்சோர்வை, "நோய் வந்தால் அப்படித்தான்" என்று விட்டுவிடக் கூடாது. சிலர் உயிரையே மாய்த்துக்கொள்ளத் துணிவார்கள். உடனே டாக்டரிடம் அழைத்துப் போக வேண்டும்.

நோயாளியின் உடம்பு சீக்கிரம் மெலிந்துவிடும். ஆகவே, சத்தான ஆகாரம் நிறையத் தேவை. விழுங்கச் சிரமம் என்றால் குழைத்து, மெதுவாகக் கொடுக்க வேண்டும்.

கேள்வி கேட்டால் பதில் வரத் தாமதமாகும். காது கேட்கவில்லை என்றோ, புரியவில்லை என்றோ நினைக்கக் கூடாது. பொறுத்திருந்தால் பதில் வரும். அவர் எரிந்து விழுந்தால், அது நோயின் கோபம். அவர் கோபம் அல்ல.

பார்த்துக்கொள்ளும் மனைவிக்கோ, கணவருக்கோ ஓய்வு வேண்டும். 15 ஆண்டு தூங்காமல் யாராலும் இருக்க முடியாது. உற்றார் உறவினர் வாரத்தில் ஒரு நாள் வந்து முறை மாற்றினால், அதுவே பெரிய உதவி.

பிள்ளைகளிடம் என்ன சொல்வது? வயதுக்குத் தகுந்தபடி உண்மையைச் சொல்ல வேண்டும். "அப்பாவுக்கு மூளையில் ஒரு நோய். அதனால் கை ஆடுகிறது. அப்பா கெட்டவர் அல்ல" என்றால் ஆறு வயதுக் குழந்தைக்கும் புரியும். பெரியவர்கள் மறைத்தால், குழந்தை வேறு யாரிடமாவது தெரிந்துகொள்ளும். அப்போது நோயோடு ஏமாற்றமும் சேரும்.

இந்த நோய் இந்தியாவிலும் உண்டு. பெங்களூர் நிம்ஹான்ஸ் ஆஸ்பத்திரியில் இதற்கான வைத்தியமும் பரிசோதனையும் இருக்கின்றன. சந்தேகம் உள்ளவர்கள் முதலில் ஒரு நரம்பு வைத்திய நிபுணரைப் பார்ப்பது நல்லது.

புதிய சிகிச்சை

2025-ல் வந்த செய்தி என்ன?

மூளைக்குள் மெல்லிய குழாயைச் செலுத்தி, பிழையான மரபணுவின் வேலையை அடக்கும் மருந்தை உள்ளே விடுகிறார்கள். 12 மணி முதல் 18 மணி நேரம் வரை நடக்கும் ஆபரேஷன் அது.

அதிக அளவு மருந்து பெற்ற 12 பேரை மூன்று ஆண்டு கவனித்தார்கள். நோயின் வேகம் 75 சதவீதம் குறைந்தது என்று கணக்கிட்டார்கள். ஓர் ஆண்டில் வர வேண்டிய தேய்வு, நான்கு ஆண்டில் வரும் என்று பொருள்.

மகிழ்ச்சியான செய்திதான். ஆனால், 12 பேரை வைத்து முடிவு கட்ட முடியாது. சிகிச்சை பெறாத வேறு நோயாளிகளின் பழைய பதிவுகளோடுதான் இவர்களை ஒப்பிட்டார்கள். "இந்த ஆதாரம் போதுமா?" என்ற கேள்வியை அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை அதே ஆண்டு நவம்பரில் எழுப்பியது. இதற்கு முன்பும் பெரிய நம்பிக்கை தந்த ஒரு மருந்தின் சோதனை 2021-ல் பாதியில் நின்றிருக்கிறது.

என்றாலும், இந்தச் செய்தி குடும்பங்களின் கணக்கை மாற்றுகிறது. "மருந்து இல்லை, தெரிந்து என்ன பயன்?" என்பதுதான் இதுவரை வேண்டாம் என்றவர்களின் பெரிய வாதம். நோயை முன்னதாகவே தடுக்க வழி வந்தால், அந்த வாதம் நிற்காது. முன்கூட்டித் தெரிந்தவருக்கே முன்கூட்டிச் சிகிச்சை கிடைக்கும். அப்போது பரிசோதனைக்குப் போகிறவர்கள் கூட்டம் பெருகும். அவர்களுக்கு ஆலோசனை கூற ஆட்கள் வேண்டும். ஓட்டை இல்லாத சட்டம் வேண்டும்.

இன்னொரு கேள்வியும் எழுகிறது. சிகிச்சை வந்தால் அது யாருக்குக் கிடைக்கும்? மூளை ஆபரேஷனும் மரபணு மருந்தும் ஏழைக்கு எட்டுமா? மரபணுவைக் கண்டுபிடிக்க ரத்தம் கொடுத்தவர்கள் மரக்கைபோ ஏரிக்கரை மீனவர்கள். அவர்கள் வீட்டுக்கு அந்த மருந்து போய்ச் சேர வேண்டாமா? உலகம் அவர்களுக்குப் பட்ட கடன் அது.

இனி மறைக்க வேண்டாம்

2017-ம் ஆண்டு மே மாதம், வாடிகன் நகரில் போப் பிரான்சிஸ் இந்த நோய்க் குடும்பங்களைச் சந்தித்தார். வெனிசுவேலா ஏரிக்கரையிலிருந்தும் நோயாளிகள் வந்திருந்தார்கள். ஆடும் கைகளை அவர் பற்றினார். அவர்களை அணைத்துக்கொண்டார். "இனி மறைக்க வேண்டாம்" என்பதே அந்தக் கூட்டத்தின் முழக்கம்.

பரம்பரை நோய் யார் செய்த பாவமும் அல்ல. அம்மா வேண்டுமென்று கொடுத்ததும் அல்ல. ஏட்டில் விழுந்த எழுத்துப் பிழை, அவ்வளவுதான்.

ஒருவர் தம் ரத்தத்தைச் சோதிப்பதும், சோதிக்காமல் இருப்பதும் அவரவர் உரிமை. அதில் மற்றவர் தலையிட வேண்டாம். ஆனால், வீட்டில் இப்படி ஒரு நோய் இருக்கிறது என்ற செய்தியைப் பிள்ளைகளிடமிருந்து மூடி வைப்பது வேறு. செய்தி தெரிந்தால்தானே அவர்கள் தம் வழியைத் தாமே தேர்ந்துகொள்ள முடியும்?

லியோனோர் அம்மாளின் குடும்பம் மறைத்தவரை, நோய் மட்டுமே வளர்ந்தது. பேசத் தொடங்கிய பிறகே ஆராய்ச்சி வளர்ந்தது. இன்று சிகிச்சையின் வாசல்வரை வந்திருக்கிறது.

சொத்தைப் பற்றிப் பிள்ளைகளிடம் சொல்லிவைக்காத பெற்றோர் உண்டா? நோயைப் பற்றியும் சொல்லிவைக்க வேண்டும். அதுவும் அவர்களுக்குச் சேர வேண்டியதே.